கம்பெனி கேபிள்

23.6.87 செவ்வாய்

குற்றாலத்தில் சாரலாம். இங்கே வெறும் காற்று, கண்ணெல்லாம் மண். துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் பாதி தெருவில்.

கார் கியர் விழவில்லை. கிளட்ச் கேபிள் நைந்து நாலைந்து இழைதான் மிச்சம் என்கிறார் மெக்கானிக் சுடலை அண்ணாச்சி. வீட்டுக்காரர் உடனே, "ஒனக்குக் கால்ல பலம் இல்லட்டி. ஞாயித்துக்கிழமைக்கு டிரைவர் சொல்லிருவோம்." ஞாயிறு செல்விக்கு வளைகாப்பு, கடையநல்லூரில். தலைப்பிரசவத்துக்கு என் மகளை நான் ஓட்டித்தான் கூட்டி வருவேன். லைசென்ஸ் என்ன சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கவா?

24 புதன்

இவர் ஆபீஸ் வேலையாகத் தி.வேலி போனார். கம்பெனி கேபிள்தான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சிவப்பு டப்பாவில் வந்தது. தடி கேபிள். "கம்பெனிதான்னு கடைக்காரன் சத்தியம் பண்ணுதான்."

மாட்டியாச்சு. பெடல் அம்மிக்கல். பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டி நின்றேவிட்டது. பின்னால் பஸ் டிரைவர், "யக்கா, வண்டியை எடுக்கியளா, இல்ல இங்கனயே பொங்கப் போறியளா?" பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு ஆத்திரம்தான் வந்தது.

25 வியாழன்

கழற்றச் சொன்னேன். பழசையும் புதுசையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். புதுசு ஒரு கட்டைவிரல் நீளம் கூடுதல். உள்ளே கம்பியை இழுத்தால் கரகர. பழசு முக்கால்வாசி அறுந்தும் வழுக்கிக்கொண்டு வருகிறது. தறிக்காரன் மகளுக்கு இழை சிக்குவது கையில் தெரியாதா?

"ஏங்க, எந்தக் கம்பெனின்னு கேட்டியளா?"

"கம்பெனின்னா கம்பெனிதான். அதுல என்னட்டி எந்தக் கம்பெனி?"

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஊர் பேர் தெரியாத கம்பெனி. சுடலை அண்ணாச்சி அதற்கும் மேலே: "லோக்கலும் கம்பெனியிலதான் தாயி செய்யுதான். ரெண்டு நா மிதிச்சா இளகிரும்." இளகட்டும், வேறு யார் காலிலாவது.

மதுரைத் தம்பிக்கு டிரங்க் கால். "வண்டி செஞ்ச கம்பெனியே செஞ்ச கேபிள். டப்பாவுல வண்டி பேரு இருக்கணும்." மூன்று தடவை சொன்னேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

27 சனி

தூறல் மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது.

காலை மதுரை பஸ்ஸில் பார்சல். டப்பாவில் வண்டி பேர்! மாட்டினதும் மிதித்துப் பார்த்தேன். கால் வைத்தால் போதும், போகிறது. காலில் பலம் இல்லையாம், காலில்! சுடலை அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "இது வேறதான் தாயி." சிவப்பு டப்பா டிக்கியில், அவசரத்துக்கு.

நாளைக்கு: கண்ணாடி வளையல், வேப்பிலைக் காப்பு, புளியோதரை, பெட்ரோல். செல்விக்கு முதுகுக்குத் தலையணை.

28 ஞாயிறு

நான்தான் ஓட்டினேன். போகவும் வரவும்.

செல்விக்கு இரண்டு கையும் நிறைய வளையல். கன்னத்துச் சந்தனத்தோடு பார்க்க அவ்வளவு அழகு. சாப்பாட்டு நேரத்தில் சம்பந்தியம்மா இவரிடம், "டிரைவர் சாப்பிட்டாச்சா அண்ணாச்சி? எலை போடச் சொல்லட்டா?"

நான் ரசத்தில் கை வைத்திருந்தேன். இவர் என்ன சொல்வாரோ என்று நிமிரவில்லை.

"டிரைவர் மொதப் பந்தியிலயே ஒக்காந்தாச்சு மைனி, அந்தா ரசம் குடிக்கா. லோக்கல் டிரைவர்லாம் நமக்குச் சரிப்படாது. இது கம்பெனி."

"எந்தக் கம்பெனி?"

"நம்ம வீட்டுக் கம்பெனிதான்."

பந்தி முழுக்கச் சிரிப்பு. எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பினோம். புளியங்குடிக் கடைத்தெருவில் நெரிசல், நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். செல்வி பின் சீட்டில் அசையாமல் தூங்கினாள்.