ஆறாத ஓடு

அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். முதுகுவலி குறைந்ததா? மோன்டானா பனியை நீங்களே அள்ள வேண்டாம், பக்கத்து வீட்டு ஆர்லோவைக் கூப்பிடுங்கள்.

நேற்று இங்கே சின்ன வாக்குவாதம். எங்கள் அணு இணைவு இயந்திரம் துடிப்புத் துடிப்பாக எரிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உள்சுவர் ஓடுகள் சூடேறிக் கொஞ்சம் தேய்கின்றன. அடுத்த துடிப்புக்கு முன் மேசையைச் சுற்றி எல்லோரும் "சரி" சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நிறுத்திவிடுவோம். நேற்று ஓர் ஓடு மட்டும் ஆறவில்லை. இயந்திரத்துக்குப் பணம் போட்டவர்கள் பார்க்க வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். நான் மறுத்தேன்.

"உனக்குப் பீட்சா ஆறுற வரைக்கும்கூடப் பொறுமை கிடையாதேடா," என்றார் தலைவர் ஹோல்கொம்ப்.

"வாய் வெந்தா என் பாடு. சுவர் போனா மாசக்கணக்கா எல்லாரும் சும்மா உக்காரணும்."

"நாளைக்குத் திறந்து பார்த்து ஓடு நல்லா இருந்துச்சுன்னா, உனக்கு இங்க வேலை இல்ல, ஊருக்கு பஸ் ஏறு."

வந்தவர்கள் முகம் சுளித்துக் கிளம்பிவிட்டார்கள். இன்று திறந்து பார்த்தோம். ஓட்டின் பின்பக்கம் முழுக்க விரிசல். அதை மாற்ற ஹோல்கொம்ப் தாமே கையுறையை மாட்டிக்கொண்டார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

என் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். பெட்டியில் இடமிருந்தால் மான்கறி வற்றலும். கொஞ்சம் போதும், ஒருவன்தானே சாப்பிடப் போகிறேன்.

புது ஓடு பொருத்தக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனை எடுங்கள்.

மகன்
ராய்ஸ்