ஹெல்மெட் கண்ணாடி

லண்டனில் வழக்கறிஞராக இருக்கும் என் அன்பு மருமகன் முகுந்தனுக்கு, கிள்ளானிலிருந்து தாய்மாமன் கார்த்திகேசு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது.

அய்யாவு கொலை வழக்கு உயர் நீதிமன்றம் வரை போகும், அதில் முக்கியச் சாட்சி நான்தான் என்று அப்போதே சொன்னேனா இல்லையா? அப்படியே நடந்துவிட்டது. சம்பவத்தன்று காலையே சாப்பாட்டுக் கடையில் நான் கதையைச் சொன்னபோது, கேட்டவர்கள் தே தாரிக் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யார், யார் என்று துளைத்தார்கள். அய்யாவுக்கும் விஜயனுக்கும் இருந்த சண்டை ஊரறிந்தது. மறுவாரம் போலீஸே என் வீடு தேடி வந்தது.

செவ்வாய்க்கிழமை கூண்டேறினேன். காப்பார் சாலை, கொட்டும் மழை, என் லோரிக்கு முன்னால் அய்யாவுவின் மோட்டார் சைக்கிள், இன்னொரு மோட்டாரில் வந்தவன் பாராங் கத்தியை வீசியது, எல்லாவற்றையும் படம் காட்டுவது போலச் சொன்னேன். மொழிபெயர்க்கும் பெண்ணுக்குத்தான் ரசனை இல்லை. நான் பத்து நிமிடம் சொன்னதை மலாயில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: வெட்டியவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான், முகத்தைப் பார்த்தேன், அது விஜயன். நீதிபதி அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

அந்த மழையில் எப்படித் தெரிந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கப் பார்த்தார். முப்பது வருடம் லோரி ஓட்டிய கண் இது என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

வெளியே விஜயனின் தாய் மாரியாயி நின்றிருந்தார். மகனுக்குக் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைக் காவலர்கள் வாங்கவில்லையாம், கையிலேயே இருந்தது. என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். “அண்ணே, நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. கண்ணாடியத் தூக்குனப்ப எம்புள்ள அழுதானா?” என்று கேட்டார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது என்று சொன்னேன். வாயில் வந்துவிட்டது. அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

தீர்ப்பு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. தூக்கு இல்லையென்றாலும் முப்பது வருடத்துக்குக் குறையாதாம். அவனுக்கு வயது இருபத்து நான்கு.

ஒரு சந்தேகம். கூண்டில் சொன்னதை ஒரு சாட்சி பிறகு மாற்றிச் சொல்ல முடியுமா? யாரிடம் போக வேண்டும்? அந்தச் சாட்சியை என்ன செய்வார்கள்? வாட்ஸ்அப்பில் போடாதே, குடும்பமே படிக்கும். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். பதினெட்டுக்குள் பதில் எழுது, ஐயா.

இப்படிக்கு,
மாமா கார்த்திகேசு

அவன் கண்ணாடியைத் தூக்கவே இல்லை.