பச்சை எழுத்தில் ‘உறுதி’

வேலூர்
11.02.2025

அன்பு ராஜிக்கு,

நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். சிறைக்கு வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. இன்னும் பழகவில்லை.

நீ ஏன் சந்தவாசல் வீட்டை விட்டு மலைக்குப் போனாய்? இந்த நேரத்தில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டாயே என்று எனக்கு வருத்தம்தான்.

வழக்கு உனக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்ச் சுந்தரம்மாளின் நிலத்தை வாங்கிய பெங்களூர்க்காரனும் நானும் கூட்டு என்கிறது போலீஸ். அவன் அனுப்பிய கிரிப்டோ நாணயம் வந்து சேர்ந்துவிட்டது என்று வாலட் செயலி காட்டியது. அந்த அம்மா பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டார். பிறகு பார்த்தால் நாணயம் இல்லை, செயலி மட்டும் ஒன்பது நாள் ‘உறுதி’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவன் ஓடிவிட்டான். அந்தச் செயலிக்குள் ஓடும் நிரல் லைப்ரரி என் பெயரில் இருப்பதால் என்னைப் பிடித்துவிட்டார்கள். அவனுக்காகவே ஓட்டை வைத்தேனாம்.

வீட்டில் பொழுதுபோகாமல் நீ எழுதிப் பார்த்த நிரல்கள் எல்லாம் உன் பழைய லேப்டாப்பில் தேதியோடு இருக்கும் அல்லவா? அது உதவலாம் என்கிறார் வக்கீல் சக்கரவர்த்தி. பத்திரமாக வை. யாரிடமும் காட்டாதே. என் மூக்குக் கண்ணாடியையும் கொடுத்தனுப்பு.

உன்
விஜயராஜ்

ஜமுனாமரத்தூர்
18.02.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடியை வக்கீலிடம் சேர்த்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைத் தள்ளிவைக்காதீர்கள்.

உங்கள் அம்மாவை நான் விட்டுவிட்டு வரவில்லை. உங்களை அழைத்துப்போன மறுநாள் காலை என் பையை வாசலில் வைத்துவிட்டார்கள். “மலைக்காரிய வூட்டுல சேத்தேன், ஜீப்பு வந்து நிக்குது. உங்க ஊருக்கே போய்டும்மா” என்றார்கள். தெருவே பார்த்தது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். இங்கே புளியமரம் உலுக்கும் பருவம் ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குத் துணையாக இருக்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் இடம் விட்டார்.

“இன்னாம்மா அது, பச்ச எழுத்துல உறுதின்னு காட்டுச்சே. மஸ்கட்லேர்ந்து எம்புள்ள அருளும் ‘வந்துடுச்சும்மா, கைநாட்டு வை’ன்னான். வச்சுட்டேன். இன்னாதான் ஆச்சு, நீயாவது சொல்லு.”

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். “பஸ்ல ஏறி உக்காந்தவங்கள வந்துட்டாங்கன்னு எழுதிக்கிறோம்மா. அந்த ஆளு கூட்டாளிங்கள வச்சி அந்த பஸ்ஸையே பாதி வழியில திருப்பி வுட்டுட்டான். அப்ப எழுதின பேர அடிக்கணும். அடிக்கல.”

“ஏன் அடிக்கல?” என்றார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

பொழுதுபோகாமல் எழுதியது என்கிறீர்கள். அந்த லைப்ரரியில் உறுதியான பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் பகுதி மூன்று வருட உழைப்பு. அந்த அம்மாவிடம் பஸ் என்று சொன்னேனே, அந்தப் பிளாக்கில் ஏறியதைப் பட்டியலில் சேர்ப்பதும், அந்தப் பிளாக்கே விலக்கப்பட்டால் பட்டியலிலிருந்து இறக்கிக் காத்திருப்பில் போடுவதும், எல்லாம் நான் எழுதியவை. மாநாட்டு மேடைகளில் பேசியது நீங்கள். யாராவது கேள்வி கேட்டால் வெளியே வந்து எனக்குப் போன் செய்வீர்கள்.

இறக்கிப்போடும் பகுதியைப் போன ஆகஸ்டில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். முதலீடு செய்ய வந்தவர்கள் எதிரில் பச்சை எழுத்து மஞ்சளாக மாறி மானம் போனது என்றீர்கள்.

என் லேப்டாப்பில் எல்லாம் தேதியோடு இருக்கிறது. நீதிபதியிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: எழுதியது என் மனைவி, அதில் ஒரு பகுதியை இன்னதென்று தெரியாமல் நான் எடுத்துவிட்டேன். அன்றைக்கே லேப்டாப்பைக் கொண்டுவந்து வைக்கிறேன். தெரியாதவர் என்பார்கள், திருடர் என்று சொல்லமாட்டார்கள்.

என்றும் உங்கள்
ராஜேஸ்வரி

வேலூர்
01.03.2025
(வக்கீல் மூலம்)

என் ராஜி,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கண் கலங்கியது. அம்மா பேசியதை மனதில் வைக்காதே. வயதானவர், பயந்துவிட்டார்.

ஆனால் நீ சொல்கிறபடி நான் எப்படிச் சொல்வேன்? ஆயிரம் பேர் என்னை மேடையில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, வீட்டில் இருந்தவள் எழுதினாள் என்று நானே சொன்னால், வெளியே வந்த பிறகு எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நீயும் நானும் எதை வைத்துச் சாப்பிடுவது?

இன்னொரு வழி இருக்கிறது. அந்தப் பகுதியை நீயே வீட்டிலிருந்து தவறுதலாக அழித்துவிட்டதாகச் சொல். படித்த பெண், குற்றம் ஏதும் செய்யாதவள். கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார்கள். மலைச்சாதிப் பெண் என்றால் கொஞ்சம் இரக்கமும் காட்டுவார்கள். எழுதியது நீதான் என்று உன் பெயரும் வரும். அதைத்தானே இத்தனை நாள் ஆசைப்பட்டாய்?

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன்
விஜி

ஜமுனாமரத்தூர்
09.03.2025

அன்புள்ள உங்களுக்கு,

அம்மாவுக்குக் கையில் முள் ஏறிச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

நான் அழிக்கவில்லை. அழித்தேன் என்று சொல்லவும் மாட்டேன். உங்களுக்காகச் சொல்லாமல் விடக்கூடியவற்றை விட்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். மறுநாளே லேப்டாப்போடு வேலூருக்கு வருகிறேன். அமிர்தி வழியாகக் காலையில் ஒரு வண்டி இருக்கிறது.

உங்கள்
ராஜேஸ்வரி

வேலூர்
17.03.2025

என் கண்ணான ராஜிக்கு,

அத்தை கை ஆறிவிட்டதா? மஞ்சள் வைத்துக் கட்டச் சொல். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நீ சொன்னதுதான் சரி. உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துக்கொள்கிறார், நீ அலைய வேண்டாம், லேப்டாப் உன்னிடமே இருக்கட்டும். ஜாமீன் மனு போட்டாகிவிட்டது. வெளியே வந்ததும் முதலில் மலைக்குத்தான் வருவேன். பீமன் அருவிக்குப் போவோம். கல்யாணமான புதிதில் போனது. அம்மாவிடமும் பேசிவிட்டேன். நீ வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை உன் பதில் நீளமாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
விஜி

ஜமுனாமரத்தூர்
02.04.2025

விஜயராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மார்ச் இருபத்தொன்றாம் தேதி காலையில் வந்தது. நீளமான பதில் கேட்டிருந்தீர்கள். வந்த கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “மாப்ள மனசு மாறிட்டாருமா” என்று அவர் சந்தோஷப்பட்டார். மதியம் புளி கொட்டிவைத்த களத்துக்குப் போலீஸ் வந்தது.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் களத்தில் ஏறினார். உங்கள் ஜாமீன் மனுவின் நகலைக் காட்டினார். நானே படித்தேன். மனுவின்படி, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணக்கில் நுழைந்து அந்தப் பகுதியை அழித்தது நான். பெங்களூர்க்காரனோடு எனக்குப் பழக்கம் இருந்ததாக உங்களுக்குச் சந்தேகம். விஷயம் வெளியானதும் நான் மலைக்கு ஓடி ஒளிந்துகொண்டேன். கீழே உங்கள் கையெழுத்து. தேதி பதினைந்து. பீமன் அருவிக்குப் போவோம் என்று எழுதியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

அப்பா பக்கத்தில் நின்றார். “இன்னாம்மா எழுதியிருக்குது?” என்று கேட்டார். ஆய்வாளர்தான் படித்துக் காட்டினார். பழக்கம் என்கிற இடம் வந்ததும் அப்பா அந்தப் பக்கம் போய்க் கூடையை எடுத்துக்கொண்டார்.

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டேன். உங்களைக் காப்பாற்ற, அதிலிருந்து ஒன்றை மட்டும் தனியாக எடுத்து ஒளித்துவைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி நான் உங்களுக்கு அனுப்பிய குறிப்பு: ‘இதை எடுக்காதீங்க. எடுத்தா, இல்லாத பணத்த இருக்குன்னு காட்டும். யாராவது ஏமாந்துடுவாங்க.’ உங்கள் பதில்: ‘லட்சத்துல ஒருத்தனுக்கு நடக்கும். அவன் அழும்போது பாத்துக்கலாம்.’ உங்கள் பக்கம் அழித்துவிட்டதால் என்னிடமும் இருக்காது என்று நினைத்துவிட்டீர்கள்.

தெரியாமல் எடுத்தேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பு வெளியே வந்தே இருக்காது. இப்போது தெரிந்தே எடுத்தீர்கள் என்று ஆகிவிட்டது. கிழித்துவிடச் சொன்ன கடிதத்தையும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜாமீன் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

நேற்று சந்தவாசலுக்குப் போய் சுந்தரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “அந்தக் குறிப்பு உங்கிட்ட இருந்தது எனக்கு எப்பம்மா சொல்லலாம்னு இருந்த? பஸ் நிக்கிற எடத்துல ஏன்னு கேட்டேனே. உனுக்கு உன் வூட்டுக்காரன் பெருசா பூட்டான்” என்றார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் சொன்னது சரிதான்.

இரவல் வாங்கிய கம்ப்யூட்டரில் இறக்கிப்போடும் பகுதியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். லைப்ரரியை என் பெயரில் புதிதாக வெளியிட்டிருக்கிறேன். பயன்படுத்துகிறவர்களுக்கெல்லாம் காரணத்தை எழுதி அனுப்பினேன். உங்கள் பெயரோடுதான்.

அரசுத் தரப்பில் நான் முதல் சாட்சி. இனி உங்களிடமிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமல் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு
ரா. ராஜேஸ்வரி