கடலோர வீட்டுக்கு எத்தனை பேர்?

செவ்வாய், மாலை

என்னங்க,

காலையில் நான் சொன்னது தப்புதான். உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும் அந்தக் கடலோர ஊர் வீட்டுப் புரோக்கர் போனில் "எத்தனை பேர் குடி வர்றீங்க?" என்று கேட்டதும், "ஒருத்தர்" என்றுவிட்டேன். "அப்ப என்னை மட்டும் கப்பலேத்தி விடுறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டீர்கள்.

வாய் தவறிவிட்டது என்று அப்போது சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது பயம். நாடு விட்டு நாடு போய், நீங்கள் ஹோட்டலில் ஏசி பழுது பார்ப்பீர்கள். நான் பேச ஆளில்லாமல் நாளெல்லாம் அலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நம் கட்டிலை விலை கேட்டு மாடிவீட்டு அக்கா வந்தால், இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லுங்கள். நான் படிக்கும் கணக்கு எழுதும் வகுப்பு முடிந்து வர நேரமாகும். கதவை உள்ளே தாழ் போட்டுவிடாதீர்கள், சாவி என்னிடம் இருக்கிறது.

பி.கு: கோபத்தைச் சாப்பாட்டில் காட்ட வேண்டாம்.

இன்னொன்று. போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அங்கே நான் என்ன செய்வேன் என்று நீங்கள்தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நாளை காலை அந்த ஹோட்டல் மேனேஜருக்குப் போன் போட்டு, கணக்கு எழுத ஆள் வேண்டுமா என்று கேட்க வேண்டும். நீங்கள் நம்பரைப் போட்டுக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.