வளைக்கரடிச் சீட்டு

2009 மார்ச் 4, பிர்னோ

நாங்கள் தொகுக்கும் சொற்பிறப்பு அகராதியில் எனக்கு மரப்பெயர்கள், மூத்தவர் டாக்டர் ஓட்டகருக்கு விலங்குகள். ஆதி ஸ்லாவிய மொழியில் வளைக்கரடியை '*யாஸ்வெத்ஸ்' என்றிருப்பார்கள் என்பது கணிப்பு. எழுதி யாரும் பார்த்ததில்லை. அதனால் முன்னால் நட்சத்திரக் குறி. வளையில் இருப்பது என்று பொருள். பின்னொட்டு இல்லாமல், வேறு வேற்றுமை உருபுகளோடு, அதற்கும் மூத்த சொல் ஒன்று இருந்தது என்று ஓட்டகர் முப்பது வருடமாகச் சொல்கிறார். இன்று ஆதாரம் கிடைத்துவிட்டதாம். 1979-ல் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் பேச்சுச் சொற்களைக் கேட்டு எழுதிய கள ஆய்வுச் சீட்டு ஒன்று. நான் எழுதியது.

மார்ச் 5

அந்தச் சீட்டு பொய்.

அப்போது நாளுக்கு நாற்பது சீட்டு நிரப்ப வேண்டும். முப்பத்தொன்பதுதான் இருந்தது. கடைசி வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நானே ஒரு சொல்லை உண்டாக்கி எழுதினேன். எனக்கு வயது இருபது.

மார்ச் 11

பூச்சிப் பெயர்கள் பார்க்கும் ஸ்டென்காவிடம், நாளை ஓட்டகர் தன் கட்டுரையைப் படிக்கும்போது நீ ஆட்சேபம் எழுப்பு என்றேன். காரணம் சொல்லவில்லை.

"ஏன்டி, அந்த மனுஷன் சிரிச்சு இப்பதான் பாக்குறேன். அதை நான் போய்க் கெடுக்கணுமா? உனக்கு வேணும்னா நீயே கெடு."

மார்ச் 12

வியாழன் வாசிப்பு. கட்டுரையை எழுதியவரே உரக்கப் படிப்பார். மேசையைச் சுற்றி எல்லாரும் சம்மதமாகத் தாளின் ஓரத்தில் பென்சிலால் தங்கள் பெயரின் முதலெழுத்தை இட்டால் அச்சுக்குப் போகும். தாள் என்னிடம் வந்தது. இட்டேன். ஏன் இட்டேன்?

மார்ச் 16

ஓட்டகரிடம் சொல்லிவிட்டேன். பேருந்து நிறுத்தம் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யர்மிலா, இப்படி ஒரு பழைய வடிவத்தைச் சொந்தமா உண்டாக்க எனக்கே வராது. இருபது வயசுல உனக்கு வந்துச்சா? கேட்டுத்தான் எழுதியிருப்ப. மறந்துட்ட."

"இல்ல டாக்டர், நான்தான்—"

"பயப்படாத. விமரிசனம் வந்தா நான் பாத்துக்கறேன்."

என் பொய்யை நம்புறாரு. என்னை நம்பமாட்டேங்கிறாரு.

அக்டோபர் 8

அகராதித் தொகுதி அச்சாகி வந்தது. பிரிக்கவில்லை.

நவம்பர் 19

அந்தக் கிராமத்திலிருந்து, ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவரின் கடிதம். அந்தச் சொல்லைப் பற்றி நாளிதழில் படித்தாராம். தன் அப்பா வளைக்கரடியை அப்படித்தான் சொல்வார், நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். எங்கள் மொழியின் ஏழு வேற்றுமை வடிவங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார். நான் ஒன்றைத்தான் எழுதியிருந்தேன்.

ஓட்டகர் எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தார். கடிதத்தைச் சீட்டில் ஏற்றச் சொன்னார்.

ஏற்றினேன். ஏழு சீட்டு.