என் ஈரல் கட்டியும் உன் சர்க்கரை மாத்திரையும்

அன்புள்ள அணிலுக்கு,

சித்தப்பா எழுதுவது. நான் இங்கே திடமாகத்தான் இருக்கிறேன், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு விஷயம், இதையெல்லாம் நான் முன்னாடியே சொன்னேனா இல்லையா? சர்க்கரைக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரையை உங்கள் ஆய்வுக்கூடத்தில் புழுக்கட்டி மேல் போட்டுப் பார்க்கிறீர்கள், கண்ணாடித் தட்டில் கட்டி அடங்குகிறது, மனுஷர்களிடம் இன்னும் பார்க்கவில்லை என்று நீ போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் ஈரலில் இருப்பது நாயிடமிருந்து வந்த புழுவின் கூடு என்று டாக்டர் சொன்னாரே, புழுவுக்கு ஒரு மாத்திரை எழுதி, சர்க்கரையும் ஏறியிருக்கிறது என்று அதே கையோடு இன்னொரு மாத்திரையும் எழுதினாரே, அந்த நிமிஷமே நான் கேட்டுவிட்டேன், சர்க்கரையைக் குறைத்தால் புழுவும் பட்டினி கிடக்குமே டாக்டர் என்று. மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த நர்ஸ், "ஐயா என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்பு என்று சொல்ல மனசு வரவில்லை, படிப்பெல்லாம் எதுக்கும்மா, அனுபவம் என்று சொல்லி வைத்தேன். நீ என்னவோ, அப்படியில்லை சித்தப்பா, ரத்தத்தில் சர்க்கரை குறைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புழு தன் சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற அடுப்பில்தான் மாத்திரை கை வைக்கிறது என்று விளக்கினாய். அடுப்பை அணைத்தாலும் பட்டினி, சோற்றில் மண்ணைப் போட்டாலும் பட்டினி. நான் சொன்னதில் என்ன தப்பு?

தெருவில் இப்போது எனக்குத் தனி மரியாதை. முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "கண்டுபிடிச்சது உங்க பொண்ணா, நீங்களா?" என்று கேட்டார். ஆளுக்குப் பாதி என்றேன். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் பொறாமை. மாத்திரை தீர்ந்துபோய் வாங்கப் போனால், "கண்டுபிடிச்சவரா இருந்தாலும் சீட்டு கொண்டாங்க" என்கிறார். அவர் செய்வதும் சரிதான், கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் நான் இதை எடுத்துச் சொல்லப் போய், வயிற்றுப்புழுவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடு என்று ஒரு பெரியவர் வந்து நின்றாராம். அதற்கு என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். இனி வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம். நான் காவல் இருந்த இறைச்சிக்கூடத்துக்கு இன்னும் தினம் ஒரு நடை போகிறேன். வாசலில் இருக்கிற புது ஆள் நாற்காலி போடுகிறான், ஆனால் பேச்சுக் கொடுத்தால் போனைப் பார்க்கிறான். மேனேஜர் செத்துப்போய்விட்டது. ஒரு வேலையும் செய்யாமல் தின்றுகொண்டே இருக்கும் என்று நான் பெயர் வைத்த நாய்தான். கழித்துப்போட்ட ஈரலை அதற்கு என் கையாலேயே ஊட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்படியே சாப்பிட உட்கார்ந்த ஆள் நான். கட்டி எங்கிருந்து வந்தது என்று டாக்டர் சொல்லித்தானா தெரிய வேண்டும்? இருந்தாலும் அதன் மேல் கோபம் வரவில்லை. நான் வருவது தெரிந்தால் எழுந்து வருகிற ஒரே ஜீவன் அதுதான். மாடியில் குடியிருந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள். அவர்கள் குழாயைத் திறந்தால் நம் சமையலறைச் சுவர் உறுமுமே, அதற்கு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், இப்போது சுவர் சும்மா இருக்கிறது. உன் சித்தி போன பிறகும் எனக்கு அளவாகச் சமைக்க வரவில்லை, ஒரு ஆளுக்கென்று அரிசி போட்டால் பானையின் அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறேன். வீட்டில் எப்போதும் ஆள் கூட்டம், பேச்சுச் சத்தம் என்று உன்னிடம் சொன்னேனே, அது ரேடியோ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கட்டி எலுமிச்சங்காய் அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று நான் சொன்னதை உன் மேலதிகாரியம்மாவிடம் சொல்லிவிட்டாய், இரண்டு ஸ்கேன் படங்களையும் பார்க்க அந்த அம்மா துடிக்கிறார், அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவாகிவிட்டால் ரத்தம் எடுக்கவும் படங்களை வாங்கவும் உன்னையே இங்கே அனுப்புவார்கள், சில வாரம் தங்கலாம் என்றாய். நான் அன்றைக்கே உன் அறையைத் திறந்து மெத்தையை வெயிலில் போட்டேன். ஜன்னல் கொக்கி உடைந்திருந்தது, மாற்றினேன். மருந்துக்கடைக்காரரிடமும், எங்க பொண்ணு வருது, அரசாங்க வேலை மாதிரி எனக்காகவே வருது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில்தான் அந்தக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்காக என்றால் பரவாயில்லை, நீ கூட்டத்தில் எழுந்து நின்று எங்க சித்தப்பாவின் ஈரலில் என்று ஆரம்பிப்பாயே.

போனில் சொன்னால் நீ பேசாமல் இருந்துவிடுவாய், அந்தச் சத்தமில்லாமை எனக்கு ஆகாது, அதனால்தான் எழுதுகிறேன். புழு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன், சர்க்கரை மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறேன், அதில் பொய் இல்லை. புழு மாத்திரை முடிந்ததும் இரண்டாவது ஸ்கேனுக்குப் போனதும் நிஜம். அவர்கள் கொடுத்த சட்டையைக்கூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது அங்கிருந்த பெண், "போன தடவை மாதிரி இல்லை, இது ஊசி போட்டு எடுக்கிறது ஐயா, கூட யார் வந்திருக்காங்க, கூப்பிடுங்க" என்றாள். பொண்ணு வண்டியை நிறுத்தப் போயிருக்கு, இப்ப வந்துடும் என்றேன். அவள் கதவு பக்கம் பார்த்தாள், நானும் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய் வந்தார்கள். "எங்க ஐயா உங்க பொண்ணு?" என்று அவள் மறுபடியும் கேட்டபோது, போய்க் கூட்டிட்டு வரேன் என்று சொல்லி, என் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் நீ போன் செய்தாய், ஸ்கேன் எப்படி என்றாய். உன் குரலில் அவ்வளவு ஆவல், சுருங்கிடுச்சு என்று வாயில் வந்துவிட்டது.

ஆகவே இரண்டாவது படம் என்று ஒன்று இல்லை. கட்டி சுருங்கியதா, அப்படியே இருக்கிறதா, வளர்ந்ததா, எனக்கே தெரியாது. கூட்டத்தில் என் பேச்சை எடுக்காதே, உன் மேலதிகாரியம்மாவிடம் சித்தப்பாவுக்கு வாய் நீளம் என்று சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ எடுத்த வேலை ஜெயித்து, கட்டியோடு அலைகிறவர்கள் நாலு பேராவது உன்னை வாழ்த்த வேண்டும், நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். மறந்துவிடாதே, அந்த ஸ்கேனை நான் எடுத்தாகத்தான் வேண்டும், கூட ஒரு ஆள் வந்தால்தான் எடுப்பார்கள். அது நீயாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், வேறு ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா