அதுவரை ஜெபிக்காதே

என் வீட்டாளுக்கு, கர்த்தர் கிருபையால் சுகம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

நான் சக்கர நாற்காலி தள்ளும் ஆஸ்பத்திரிக்கு, பொய்ச்சாட்சி சொல்லி நம் மகனைச் சிறைக்கு அனுப்பினானே, அந்தச் சபை மூப்பன் வந்து படுத்திருக்கிறான். முப்பது வருஷமானாலும் அந்தக் காது மச்சம் மறக்குமா? அவனுக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

"அண்ணே, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றான்.

"ஆண்டவரே, நான் கேட்க வேண்டியதைக் கேட்கும்வரை இவனைச் சாகவிடாதேயும்" என்று ஜெபித்தேன். பிழைத்துவிட்டான்.

இதை எழுதித்தரும் சமையல்காரர், "பெரியவரே, ஆண்டவர் ஒரு வழி போறாரு, நீங்க ஒரு வழி போறீங்க" என்கிறார்.

"அவர் முன்னால போகட்டும். நான் வேலைய முடிச்சிட்டு வர்றேன். நீ எழுது" என்றேன்.

முதல் தேதி அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; வாசல்வரை தள்ளப்போவது நான்தான். அங்கே நிற்கும் அவன் பிள்ளைகள் முன்னால் எல்லாவற்றையும் சொல்வேன்.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. வேலைக்கு மணி அடிக்கிறது. முதல் தேதி கழியட்டும், அதுவரை எனக்காக ஜெபிக்காதே; நீ ஜெபித்தால் என் வாய் அடைத்துப்போகும்.